யந்திரம் சொன்னால் சரியா?

(தொழிலாளர் வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் பட்டறைத் தோழர் ஒருவர் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்றைய தினம் என்னை இங்கு பேசும்படி கட்டளையிட்ட தோழர்கள், கம்ப்யூட்டரில் இரும்பின் பலத்தைக் கணக்கிடும் வித்தையைப் பற்றியும், அதற்காக உலகத்தில் யாவரும் எடுத்துக் கொள்ளும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கும் சுதந்திர மென்பொருள்களைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் காலேஜில் பாஸ் செய்த என்ஜினீயர் அல்ல. இரும்பை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துப் பிழைக்கிற பட்டறைக்காரன். ஆதலால் என் பேச்சில் படிப்பாளிகளுக்குரிய நயம் எதுவும் இருக்காது. எனக்குப் பட்டதையும், நான் பட்டதையும் சொல்லப் போகிறேன். அதில் சரியென்று தோன்றுவதை மாத்திரம் எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிட உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

நான் பட்ட பாடு

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பட்டறையில் செயின் பிளாக் மாட்டுவதற்காகச் சுவரில் பதிக்கும் ஓர் இரும்புத் தாங்கி செய்ய வேண்டி வந்தது. அக்காலத்தில் எனக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்திருந்தது. விலைக்கு விற்கும் பெரிய மென்பொருள் ஒன்றின் கள்ளப் பிரதியை யாரோ ஒருவர் எனக்குக் கொடுத்திருந்தார். அதை வாங்க வேண்டுமானால் வருஷத்துக்குப் பல லக்ஷம் ரூபாய். எனக்கு அவ்வளவு யோக்கியதை ஏது? ஆகவே திருட்டுப் பிரதியிலேயே தாங்கியின் உருவத்தை வரைந்து, பாரத்தைச் சொல்லி, பொத்தானை அமுக்கினேன். நீலமும் பச்சையுமாக வெகு அழகான படம் ஒன்று வந்தது. சிவப்பு எங்குமே இல்லை. 2 மில்லிமீட்டர் மட்டும் வளையும் என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்துப் பரம திருப்தியடைந்து, தாங்கியைச் செய்து சுவரில் பதித்தும் விட்டேன்.

எங்களிடம் வயதான மேஸ்திரி ஒருவர் இருந்தார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, படம் பாரம் தூக்குமா? மணல் மூட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பையன்களைக் கீழே நிற்க விடு" என்றார். எனக்குக் கோபந்தான் வந்தது. கம்ப்யூட்டர் சொன்னதற்கு மேல் இந்தக் கிழவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனாலும் அவர் விடவில்லை. மூட்டைகளைக் கட்டினோம். தாங்கி 5 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்தது. உள்மூலையில் வெல்டிங்கை ஒட்டி மயிரிழை போல் ஒரு வெடிப்பும் கண்டது. அந்த இடத்தில் தினமும் வேலை செய்யும் பையனுக்கு வயது 19. மேஸ்திரி அன்று விடாப்பிடியாக நின்றிருக்காவிட்டால் நான் இன்று இந்த மேடையில் நின்று பேச முகம் இருந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

தப்பு யாருடையது? மென்பொருளுடையதா? அல்லவே அல்ல. தப்பு என்னுடையதே. ஆனால் அந்தத் தப்பு எப்படி நேர்ந்தது என்று தெரிந்து கொள்ள எனக்கு வழியில்லாமல் போயிற்று. கள்ளப் பிரதிக்கு விளக்கப் புஸ்தகம் இல்லை. கேட்கலாமென்றால் யாரைக் கேட்பது? திருடியவன் சொந்தக்காரனிடம் போய்ப் பூட்டு ரிப்பேர் கேட்க முடியுமா? உள்ளே என்ன கணக்கு நடக்கிறதென்று திறந்து பார்க்கலாமென்றால் அது அடைத்த பெட்டி. அன்றுதான் இதைப் பற்றிச் சரியாகத் தெரிந்து கொள்ள வேண்டுமென்ற எண்ணம் எனக்கு வந்தது.

இந்தக் கணக்கு என்பது என்ன?

இதில் மாயம் ஒன்றுமில்லை. நேரான ஒரு கம்பியை ஒரு பக்கம் சுவரில் பதித்து மறுபக்கம் பாரம் தொங்கவிட்டால் எவ்வளவு வளையும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் துளையும் வளைவும் வெட்டும் உள்ள ஒரு தாங்கிக்கோ, வண்டி அச்சுக்கோ, விமான இறக்கைக்கோ அப்படி நேரடியான வாய்ப்பாடு கிடையாது. ஆகவே என்ன செய்கிறார்கள் என்றால், அந்த உருவத்தைச் சிறுசிறு துண்டுகளாக, அதாவது முக்கோணமாகவும் சதுரமாகவும் செங்கல் போலவும், மனத்தினால் பிரித்துக் கொள்ளுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு சின்ன ஸ்பிரிங் மாதிரி. இவ்வளவு இழுத்தால் இவ்வளவு நீளும் என்பது அந்தச் சின்னத் துண்டுக்குச் சுலபமாகத் தெரியும். துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் முனைகளில், ஒரு துண்டு எவ்வளவு நகருகிறதோ அதே அளவு பக்கத்துத் துண்டும் நகர வேண்டும். அங்கே இழுப்பும் தள்ளலும் சரிக்குச் சரியாக நிற்க வேண்டும். இந்த நியாயத்தை எல்லா முனைகளுக்கும் எழுதினால் ஆயிரக்கணக்கான, சில சமயம் லக்ஷக்கணக்கான சமன்பாடுகள் வரும். மனிதன் உட்கார்ந்து போட்டால் ஆயுள் போதாது. கம்ப்யூட்டர் போட்டு விடுகிறது. இவ்வளவுதான் விஷயம். இதற்குப் பைனைட் எலிமெண்ட் முறை என்று பெயர். நாம் சிறுகூறு முறை என்று சொல்லிக் கொள்ளலாம்.

இதை எந்த ரிஷியும் கண்டுபிடிக்கவில்லை. பல தேசத்தார் பல காலத்தில் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்தது. ஜெர்மனியில் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்த 1933-ம் வருஷத்தில் யூதர் என்பதற்காக உத்தியோகத்திலிருந்து விலக்கப்பட்டு, பிறகு நியூயார்க்கில் குடியேறிய ரிச்சர்ட் கூரண்ட் என்ற கணித ஆசிரியர், முக்கோணத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் யோசனையை 1943-ல் அச்சிட்டார். 1956-ல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நான்கு பேர் விமான இறக்கையின் விறைப்பைக் கணக்கிடுவதற்காக இம்முறையை எழுதி வெளியிட்டார்கள். 1960-ல் கிளஃப் அதற்குப் பைனைட் எலிமெண்ட் என்று பெயர் வைத்தார். இவர்களில் ஒருவராவது, "இது என் குலச் சொத்து, வெளியில் சொல்ல மாட்டேன்" என்று மூடி வைத்திருந்தால், இன்று இந்த வித்தை இவ்வளவு தூரம் பரவியிருக்குமா?

பொதுப் பணமும் பூட்டிய பெட்டியும்

வித்தை பகிரங்கமாக இருந்தது. ஆனால் அதைச் செய்யும் மென்பொருள் பகிரங்கமாக இருக்கவில்லை. அமெரிக்காவில் நாசா என்னும் சர்க்கார் விண்வெளி ஸ்தாபனம் 1960-களில் ஜனங்களின் வரிப்பணத்தைச் செலவிட்டு நாஸ்ட்ரான் என்றொரு மென்பொருளைச் செய்வித்தது. 1970-ஐ ஒட்டி அது வெளியாருக்கும் கிடைத்தது. அதைச் செய்வதில் பங்கு பெற்ற மெக்நீல்-ஷ்வெண்ட்லர் என்ற கம்பெனியார் அதைத் தங்கள் வழியில் வளர்த்து விற்று வந்தார்கள். வியாபாரம் செய்வது குற்றமென்று நான் சொல்லவில்லை. உழைத்துச் சீர்திருத்தியவன் கூலி கேட்பது நியாயமே. ஆனால் பின்னால் நடந்ததைக் கவனியுங்கள். 1999-ல் அக்கம்பெனியார், இதே நாஸ்ட்ரானின் வேறு வகைகளை விற்று வந்த இரண்டு போட்டிக் கம்பெனிகளையும் வாங்கிவிட்டார்கள். இதனால் போட்டியே ஒழிந்து போயிற்று என்று அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் 2001-ல் புகார் கொண்டு வந்தது. 2002-ல் ராஜி ஏற்பட்டு, அந்தக் கம்பெனி தன் மூலநிரலின் பிரதியை வேறொருவருக்குக் கொடுத்துப் போட்டிக்கு வழி விட வேண்டியதாயிற்று.

தோழர்களே! இங்கே ஒரு விஷயம் பாருங்கள். போட்டியை உண்டாக்க வேண்டுமென்று நினைத்த சர்க்கார் என்ன கேட்டது?  மூலநிரலைக் கொடு என்று கேட்டது. மூலநிரல் என்பது, கம்ப்யூட்டர் எதை எப்படிச் செய்ய வேண்டுமென்று மனிதன் படிக்கும்படி எழுதி வைத்த உத்தரவுப் புஸ்தகம். கடையில் விற்கிற பெட்டிக்குள் இந்தப் புஸ்தகம் இருக்காது. யந்திரம் மாத்திரம் படிக்கக் கூடிய எண்கள்தான் இருக்கும். புஸ்தகம் யார் கையில் இருக்கிறதோ அவன் எஜமானன். பெட்டியை மட்டும் வைத்திருப்பவன் வாடகைக்காரன். வாடகை கட்டத் தவறினால் தான் வரைந்த தாங்கியையே தான் திறந்து பார்க்க முடியாது.

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு

இந்த அக்கிரமத்துக்கு ஒரு பரிகாரமாகத்தான் 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் ஒரு திட்டத்தை அறிவித்தார். 1989-ல் ஜி.பி.எல். என்ற லைசென்ஸையும் எழுதி வெளியிட்டார். அதன் சாரம் நான்கு உரிமைகள். எந்தக் காரியத்துக்கு வேண்டுமானாலும் உபயோகிக்கலாம். மூலநிரலைப் படித்து, வேண்டியபடி மாற்றலாம். பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றியதையும் பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கிறவன், தான் பெற்ற உரிமையை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தவன் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கதவு போடக் கூடாது என்பதுதான் இதன் தாத்பரியம்.

இங்கிலீஷில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே வார்த்தை இருப்பதால் அந்நாட்டார் இதை விளக்குவதற்கே பெரும் பாடுபடுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்றால் காசில்லாமல் கிடைப்பது. தேர்தல் காலத்தில்கூடக் கிடைக்கும். சுதந்திரம் என்றால் கேள்வி கேட்கவும், திறந்து பார்க்கவும், திருத்தவும் உரிமை இருப்பது. நான் இன்று சிபார்சு செய்வது இரண்டாவதை. முதலாவது கூட வந்தால் வேண்டாமென்று சொல்லவில்லை.

சரி, இந்தச் சிறுகூறு கணக்குக்கு அப்படிப்பட்ட மென்பொருள் உண்டா என்று கேட்பீர்கள். பல உண்டு. நான் அறிந்த மூன்றை மட்டும் சொல்லுகிறேன்.

பிரான்ஸ் தேசத்தில் எலெக்ட்ரிசிட்டே டி பிரான்ஸ் என்ற மின்சார ஸ்தாபனம் தன் அணுமின் நிலையங்களின் பாதுகாப்புக் கணக்குகளுக்காக 1989-ல் கோட் ஆஸ்டர் என்ற மென்பொருளைச் செய்ய ஆரம்பித்தது. 2001-ல் அதை ஜி.பி.எல். லைசென்ஸில் உலகத்தாருக்குக் கொடுத்துவிட்டது. அணு உலைக்குப் போதுமான கணக்கு நம் பட்டறைத் தாங்கிக்குப் போதாதா?

பின்லாந்தில் சி.எஸ்.சி. என்ற விஞ்ஞானக் கம்ப்யூட்டர் நிலையத்தார் 1995-ல் ஆரம்பித்த எல்மர் என்பது 2005-ல் அதே மாதிரி திறந்து விடப்பட்டது. அது திறந்திருந்ததால் என்ன ஆயிற்றென்றால், பனிக்கட்டி ஆராய்ச்சிக்காரர்கள் அதை எடுத்துத் தங்களுக்கு வேண்டியபடி சேர்த்துக் கொண்டு, கிரீன்லாந்திலும் அண்டார்ட்டிகாவிலும் உள்ள பனிப்பாளங்கள் எப்படி நகருகின்றன என்று கணக்கிட்டு வருகிறார்கள். அடைத்த பெட்டியாக இருந்தால் இதற்கு யாரிடம் போய் உத்தரவு வாங்குவது?

மூன்றாவது கால்குலிக்ஸ். ஜெர்மனியில் மூனிக் நகரத்து எம்.டி.யு. விமான என்ஜின் கம்பெனியில் வேலை பார்த்து வந்த கீடோ டோண்ட், கிளாஸ் விட்டிக் என்ற இரண்டு தோழர்கள், 1998-ம் வருஷ வாக்கிலிருந்து தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதியது இது. கம்பெனியும் அதை வெளியிடச் சம்மதித்தது. ஒருவர் கணக்குப் போடும் பகுதியையும், மற்றவர் படம் காட்டும் பகுதியையும் எழுதினார்கள். டோண்ட் 2004-ல் இந்தக் கணக்கின் விபரங்களை ஒரு புஸ்தகமாகவும் எழுதினார். கூலிக்கு வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்க வேண்டிய நேரத்தில், முகந் தெரியாத உங்களுக்கும் எனக்குமாக உழைத்தார்கள். இதில் அவர்களுக்கு என்ன மோட்சம்? பிறருக்குப் பிரயோஜனப்பட்டது என்ற திருப்திதான்.

படம் வரைவதற்கு ஃப்ரீகேட் என்றொரு சுதந்திர மென்பொருள் இருக்கிறது. 2002-ல் ஆரம்பித்த அது, 22 வருஷம் பொறுத்து 2024 நவம்பரில்தான் தன்னை 1.0 என்று சொல்லிக் கொண்டது. அதற்குள்ளிருந்தே கால்குலிக்ஸைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்லலாம். எனக்கு இதை ஒரு மாணவத் தோழர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காட்டிக் கொடுத்தார். லைசென்ஸ் செலவு பூஜ்யம். திருட்டுப் பயமும் பூஜ்யம்.

ஆக்ஷேபணைகளுக்குச் சமாதானம்

இனி இதற்குச் சொல்லப்படும் ஆக்ஷேபணைகளைப் பார்ப்போம்.

சும்மா கிடைப்பது சத்தில்லாதது என்கிறார்கள் சிலர். அப்படியானால் மேலே சொன்ன பிரெஞ்சுக்காரர்கள் அணு உலைக்கு ஏன் அதை உபயோகிக்க வேண்டும்? விலையை வைத்து உண்மையை நிர்ணயிக்க முடியுமா? இரண்டும் இரண்டும் நான்கு என்பதை இனாமாகச் சொல்லிக் கொடுத்தால் அது மூன்றாகிவிடுமா?

யார் வேண்டுமானாலும் மாற்றலாமென்றால் யாராவது கெடுத்து விடமாட்டார்களா என்கிறார்கள். கெடுப்பவன் தன் பிரதியைத்தான் கெடுத்துக் கொள்ளலாம். மூலப் பிரதியில் எதைச் சேர்ப்பது என்பதை அதை நடத்துகிறவர்கள் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். அன்றியும் விடை முன்கூட்டியே தெரிந்த நூற்றுக்கணக்கான சோதனைக் கணக்குகள் கால்குலிக்ஸுடன் சேர்ந்தே வருகின்றன. ஏதாவது கெட்டிருந்தால் அவற்றைப் போட்டுப் பார்க்கும்போது அகப்பட்டுக் கொள்ளும்.

தப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு என்கிறார்கள். இது நல்ல கேள்வி. சுதந்திர மென்பொருளின் லைசென்ஸில், "இதற்கு நாங்கள் உத்தரவாதமில்லை" என்று பச்சையாக எழுதியிருக்கிறது. ஆனால் விலைக்கு விற்கிறவர்களின் பத்திரத்தைச் சின்ன எழுத்து உட்படப் படித்துப் பாருங்கள். உங்கள் கட்டிடம் விழுந்தால் நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பார்களா? இரண்டிடத்திலும் கடைசியில் பொறுப்பு, கையெழுத்துப் போடும் மனிதனுடையதுதான். பொறுப்பு என் தலையில் என்றால், திறந்து பார்க்கும் உரிமையும் என் கையில் இருக்க வேண்டியது நியாயமல்லவா?

கற்றுக் கொள்வது கஷ்டம் என்கிறார்கள். இதை நான் ஒப்புக் கொள்ளுகிறேன். கோட் ஆஸ்டரின் விளக்கங்கள் ஆதியில் பிரெஞ்சில் எழுதப்பட்டவை. கூப்பிட்டால் டெலிபோனில் பதில் சொல்ல ஆள் இல்லை. விலைக்கு வாங்குவதில் சௌகரியம் அதிகம் என்பதும் உண்மை. பெரிய கம்பெனிக்கு அது கட்டுபடியாகலாம். கட்டாதவனுக்கு இருக்கும் வழிகள் மூன்று. திருடலாம், கண்ணை மூடிக் கொண்டு குத்துமதிப்பாகச் செய்யலாம், அல்லது கஷ்டப்பட்டுக் கற்றுக் கொள்ளலாம். முதல் இரண்டையும் நான் செய்து பார்த்துவிட்டேன். மூன்றாவதுதான் மலிவு.

திறந்திருந்தால் மட்டும் போதுமா?

இங்கே நான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஒரு குருட்டு நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றை நட்டவனாவேன். மூலநிரல் திறந்திருப்பதாலேயே விடை சரியாகிவிடாது.

நார்வே தேசத்தில் ஸ்லைப்னர்-ஏ என்று கடலில் எண்ணெய், வாயு எடுக்கும் மேடைக்காகப் பிரும்மாண்டமான கான்கிரீட் அடிப்பாகம் ஒன்று கட்டினார்கள். 1991 ஆகஸ்டு 23-ந் தேதி, ஸ்டாவாஞ்சர் நகரத்துக்கு அருகில், அதைக் கடலில் மெதுவாக அமிழ்த்திச் சோதித்துக் கொண்டிருக்கும்போது சுவர் ஓரிடத்தில் வெடித்து, தண்ணீர் உள்ளே புகுந்து, முழுவதும் மூழ்கி, அடியில் மோதி நொறுங்கிப் போயிற்று. அது விழுந்த அதிர்ச்சி பூகம்ப மானியில் ரிக்டர் அளவில் 3 என்று பதிவாயிற்று. நல்ல வேளையாக ஒரு உயிரும் போகவில்லை. மொத்த நஷ்டம் சுமார் 70 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

காரணம் என்ன? மூன்று சுவர்கள் கூடும் மூலையைச் சிறுகூறு கணக்கில் போதாத, கோணலான துண்டுகளால் பிரித்திருந்தார்கள். அதனால் சுவரை வெட்டக் கூடிய விசை உண்மையில் இருந்ததைவிட 47 சதவிகிதம் குறைவாகக் கணக்கில் வந்தது. அதை நம்பிச் சுவரை மெல்லியதாக வைத்து, கம்பியையும் சரியாகக் கட்டாமல் விட்டார்கள். பிறகு துண்டுகளைச் சரியாகப் பிரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. அது உண்மையில் உடைந்ததோ 65 மீட்டர் ஆழத்தில். அவர்கள் உபயோகித்தது நாஸ்ட்ரான். மென்பொருள் தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லிற்று. கேள்விதான் தப்பு. அந்தப் படத்தை எத்தனை படித்த கனவான்கள் பார்த்திருப்பார்கள்! எங்கள் மேஸ்திரி மாதிரி, "படம் பாரம் தூக்குமா?" என்று கேட்க ஒருவர் இல்லாமற் போனார்.

என் தாங்கியிலும் நடந்தது இதுவேதான். மெல்லிய தகட்டின் கனத்துக்கு ஒரே வரிசையாக, நாலு முனை மட்டும் உள்ள சாதாரணத் துண்டுகளைப் போட்டிருந்தேன். அப்படிப்பட்ட துண்டுகளுக்குச் சரியாக வளையத் தெரியாது. ஆதலால் இரும்பு உள்ளதைவிட விறைப்பானதென்று காட்டி, வளைவைக் குறைத்துச் சொல்லிவிடும். பக்கத்து நடுவிலும் முனைகள் வைத்த பத்து முனைத் துண்டைப் போட்டபோது விடை மணல் மூட்டைக்குப் பக்கத்தில் வந்தது.

என்ன செய்ய வேண்டும்?

ஆகவே, இந்த வேலையில் இறங்கும் தோழர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட நான்கு காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து யந்திரத்தைப் பரீட்சை செய்யுங்கள். 1 மீட்டர் நீளம், 50 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் உள்ள எஃகுச் சட்டத்தை ஒரு முனையில் இறுகப் பதித்து, மறுமுனையில் 1000 நியூட்டன், அதாவது சுமார் 102 கிலோ பாரம் போடுங்கள். எஃகின் விறைப்பு எண்ணைச் சதுர மில்லிமீட்டருக்கு 2 லக்ஷம் நியூட்டன் என்று வையுங்கள். காகிதக் கணக்குப்படி முனை 3.2 மில்லிமீட்டர் தாழ வேண்டும். சுவரோரத்தில் வளைவினால் வரும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 48 நியூட்டன். யந்திரம் 3.2-ஐ ஒட்டிச் சொல்லாவிட்டால், அதற்குமேல் அதை ஒன்றும் கேட்காதீர்கள். எங்கே பிசகென்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, துண்டுகளைப் பாதி அளவாக்கி மறுபடியும் கணக்குப் போடுங்கள். இன்னும் பாதியாக்கிப் போடுங்கள். விடை ஓரிடத்தில் வந்து நிலைத்தால் நம்பலாம். ஒவ்வொரு தடவையும் ஓடிக் கொண்டேயிருந்தால் நம்பக் கூடாது. முக்கியமாக, கூரான உள்மூலை இருந்தால் துண்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க அழுத்தம் ஏறிக் கொண்டேதான் போகும். அது கணக்கின் சுபாவம். அங்கே மூலையை உருட்டி வரையுங்கள். செய்யும்போதும் உருட்டியே செய்யுங்கள்.

மூன்றாவது, கீழே இறங்கும் பாரம் எவ்வளவோ அவ்வளவும் பதித்த இடத்தில் திரும்பி வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். 1000 கொடுத்த இடத்தில் 1000 திரும்பாவிட்டால், அந்தப் படம் எவ்வளவு வர்ணமாயிருந்தாலும் குப்பைக்கூடைக்குத்தான் போக வேண்டும்.

நான்காவது, மணல் மூட்டையைக் கட்டிப் பாருங்கள். பிரத்தியட்சத்துக்கு மிஞ்சிய ருஜு இல்லை. கட்டும்போது கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

இதைக் கற்க வசதி எங்கே என்பீர்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஃபாஸி என்ற பெயரால் சுதந்திர மென்பொருள்களைப் பரப்பும் ஒரு வேலை நடந்து வருகிறது. எஃகுக் கட்டிட இணைப்புகளை இந்தியத் தர விதிகளின்படி கணக்கிடும் ஆஸ்டாக் என்ற சுதந்திர மென்பொருளையும் அங்கே செய்திருக்கிறார்கள். அந்த ஸ்தாபனத்திலேயே தோன்றிய ஸ்போக்கன் டுடோரியல் என்ற முயற்சியில் பல மென்பொருள்களுக்குத் தமிழிலேயே பேச்சோடு பாடங்கள் இருக்கின்றன. நமது வாசகசாலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, வாரத்துக்கு ஒரு நாள் பட்டறைத் தோழர்களும் பாலிடெக்னிக் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால், ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லலாம். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். கணக்குக்கு ஆண் பெண் தெரியாது.

தோழர்களே! பெரியவர் எழுதினார், ஆகையால் சரி என்று சொன்ன காலத்தைத் தாண்டி வந்தோம் என்று நாம் பெருமை பேசிக் கொள்ளுகிறோம். ஆனால், கம்ப்யூட்டர் சொல்லிற்று, ஆகையால் சரி என்று இப்பொழுது சொல்ல ஆரம்பித்தால், நாம் தாண்டி வந்தது என்ன? நான் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன். ஒரு கிழவரின் பிடிவாதத்தால் தப்பினேன். அந்தத் தாங்கியை நான் எறியவில்லை. வெடிப்போடு பட்டறை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் அதைக் காட்டுகிறேன். வழியில் வந்தால் நீங்களும் வந்து பாருங்கள்.